மோட்டார் சத்தமும் நீலத் திரையும்

கார்த்திகை மாத ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரி: மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய சிரை வலப்பக்கம் குறுகியுள்ளது. தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். என் மனைவி ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அந்த மோட்டார் சத்தம் இதானா?"

ஆவணியிலிருந்தே அவள் காதில் அந்தச் சத்தம். கடலூர் வீட்டில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லி என்னை அனுப்புவாள். போய்ப் பார்த்தால் ஓடியே இருக்காது. கூடவே தலைவலி, குனிந்தால் கண் இருட்டல். மஞ்சக்குப்பத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றினோம். அவள் தம்பி, "சூடு ஜாஸ்தி மாமா, எண்ணெ தேச்சுக் குளிச்சா போயிடும்" என்றான். அதையும் செய்தோம். புரட்டாசியும் ஐப்பசியும் அப்படியே போயின.

அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில்தான் கண் டாக்டர், பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது என்று சொல்லி ஸ்கேனுக்கு அனுப்பினார். பிறகு முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தலைக்குள் அழுத்தம் அதிகம். அதைக் குறைக்க மாத்திரை. அதனால் அவளுக்கு விரல் நுனி குறுகுறுக்கிறது, சோடா குடித்தால் இரும்பாய்க் கசக்கிறது. தை முடிவதற்குள் பார்வைப் பரிசோதனை. பார்வை வட்டம் சுருங்கியிருந்தால் மாத்திரையோடு காத்திருக்க முடியாது. சென்னை போய், தொடை வழியாக ஸ்டென்ட் ஏற்றி அந்தச் சிரையை விரிக்க வேண்டும். அது தள்ளிப்போனால் பார்வையே போகலாம்.

நடுவில் தைப்பூசம் வந்தது. வடலூர் போயே தீர வேண்டும் என்றாள். எனக்கு மறுக்கவும் தெம்பில்லை. தம்பியும் வந்தான். ஞான சபை முன் நெரிசலில் நின்றோம். அங்கே ஏழு நிறத் திரைகள் ஒவ்வொன்றாய் விலகிய பிறகுதான் ஜோதி தெரியும். கருப்புத் திரை விலகியது.

"என்ன தெரியுது?" என்றேன்.

"நீலம்."

"பாத்தீங்களா மாமா! ஸ்டென்ட்டாம் கிண்ட்டாம்!"

"நீ எப்படா கண் டாக்டரான?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. ஜோதி தெரியப்போவுது."

அப்போதுதான் கவனித்தேன். அவள் பக்கத்தில் ஒரு பெண் போனில் யாருக்கோ ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நீலம் போச்சு, இப்ப பச்ச..."

திரும்பும் பஸ்ஸில் மனைவி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கேட்க மனம் வரவில்லை; இன்றுவரை கேட்கவில்லை. பரிசோதனை வரும் வியாழக்கிழமை. பூசத்தன்று என் நாட்குறிப்பில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: நீலம் என்றாள், பார்த்துச் சொன்னாளா, கேட்டுச் சொன்னாளா என்பது உறுதியாகவில்லை.