குதிரை குதித்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

சுசீந்திரத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மாடியில் எங்கள் அலுவலகம். பழைய படங்களின் கீறலையும் அழுக்கையும் கணினியில் நீக்கித் தருகிற வேலை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். வயல் வேலைக்குப் போகிற அப்பாவிடம், 'படம் கழுவுறேன்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த வாரம் வந்தது ஆஸ்திரேலியாவில் எடுத்த மௌனப் படம் ஒன்று. கடைசிக் காட்சியில் ஒருவன் குதிரையோடு செங்குத்துப் பாறையிலிருந்து கடலில் குதிக்கிறான். எழுந்து வருவது படத்தில் இல்லை. கூடவே அவனுடைய கொள்ளுப்பேத்தியின் கடிதம். கீழே நல்ல ஆழம் என்று சொல்லித்தான் படம் எடுத்தவர்கள் குதிக்க வைத்தார்களாம். செத்த பிறகு, குதிரையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று பழியை அவன் மேலேயே போட்டார்களாம். 'அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.'

மூன்று நாள் ஒவ்வொரு பிரேமாகத் துடைத்தேன். கீறல், தூசி, தண்ணீர் நடுவே பூஞ்சை மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு, எல்லாம் போயிற்று. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் போலக் கடல் அடங்கிக் கிடந்தது. பெருமையோடு பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடற்கரைக்காரன். அவன் வீட்டில் எல்லோருக்கும் மீன்பிடிதான்.

"தொடைக்கதுக்கு முன்ன உள்ளதப் போடு" என்றான். போட்டேன். தண்ணீர் நடுவே இருந்த திட்டில் விரலை வைத்தான்.

"ஏலே, இந்த வெள்ளைய ஏன் எடுத்த?"

"பூஞ்சைலா."

"பூஞ்சை ஒரே எடத்துல வந்து வந்து போவுமா? வயக்காட்டுக்காரன்னு காட்டிட்டியே மக்கா. இது நுரை. சுத்தி எங்கயும் இல்லாம இங்க மட்டும் அலை ஒடையுதுன்னா, அடியில பாறை கெடக்கு. எங்கூர்ல சின்னப் பிள்ளைகூட அங்க வள்ளத்த விடாது."

"அப்போ மேல நின்னு படம் எடுத்தவனுக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

"கண்ணு இருந்துச்சுல்லா அவனுக்கு."

அந்தப் பெண் பார்க்கக் கேட்ட ஒன்றைத்தான் மூன்று நாளாக அழித்திருந்தேன்.

அழித்த வெள்ளையையெல்லாம் திரும்ப வைத்தேன். 'தண்ணீரில் தெரியும் வெள்ளை அழுக்கு அல்ல, நுரை. கீழே பாறை இருக்க வேண்டும். யாரும் துடைக்க வேண்டாம்' என்று குறிப்பு எழுதிவிட்டு, அனுப்பும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். குதிரை வருவதற்கு முன்பே திட்டு விரிந்தது, அடங்கியது. குதிரை விளிம்புக்கு வந்தது. கேமரா அசையவில்லை. திட்டு மறுபடி விரிந்தது.