ஒரு கம்பியில் நான்கு வீடு

ஓய்வு பெற்ற பிறகு, பொறியியல் மாணவர்களுக்குக் கணினி வலையமைப்பு சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். தொலைபேசி வேலையில் ஆரம்பித்துக் கடைசியில் கணினிக் கம்பிகளோடு மாரடித்தவன் நான் என்பதால் கூப்பிட்டிருக்கலாம். கையில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். முதல் அத்தியாயத்திலேயே ஏழு அடுக்குப் படம், ஒன்றின் மேல் ஒன்றாக, டிபன் கேரியர் மாதிரி. மாணவர்கள் ஏழு பெயரையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். எதற்கு ஏழு, எதற்கு அடுக்கு என்று கேட்டேன். மறுபடியும் அதே ஏழு பெயரை ஒப்பித்தார்கள். புத்தகம் எழுதியவருக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

புத்தகத்தை மூடினேன். கரும்பலகையில் ஒரு நீளக் கோடு போட்டு, அதிலிருந்து நான்கு சின்னக் கோடுகளை இறக்கினேன். இது மலாக்கா, காஜா பெராங் என்றேன். அன்று அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். வகுப்பில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரக் கொடி ஏறிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்கார அதிகாரி பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் மலாக்கா டவுனில் தொலைபேசி லைன்மேன். கம்பம் ஏறுவேன், கம்பி இழுப்பேன், திட்டுவேன். டெலிபோன் வேண்டும் என்று கேட்டவர்கள் ஏராளம், கம்பியோ கொஞ்சம். அதனால் காஜா பெராங் சாலையில் நான்கு இடங்களுக்குச் சேர்த்து ஒரே கம்பி கொடுத்தார்கள்.

முதல் இடம் பாயின் மளிகைக் கடை. இரண்டாவது, எதிர்ப்பக்கம் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளியின் காப்பிக் கடை. மூன்றாவது, அதற்கு அடுத்த வீடு. அங்கே மலாக்காச் சிட்டி இனத்துக் குமாஸ்தா ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பெயரும் சாமியும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். நான்காவது, மிஸ்ஸி வீடு. பிரசவம் பார்க்கும் நர்ஸ் அவர். அங்கே எல்லாருக்கும் அவர் மிஸ்ஸிதான்.

ஒரு கம்பி என்றால் ஒரு எண். எண்ணுக்குப் பின்னால் ஒரு வால் உண்டு. எண் கம்பியைக் காட்டும், வால் வீட்டைக் காட்டும். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஆப்பரேட்டர் எண்ணைப் பார்த்துக் கம்பியைச் செருகுவார், வாலைப் பார்த்து மணியடிப்பார். பாய்க்கு ஒரு நீள மணி. தவுக்கேக்கு இரண்டு நீளம். குமாஸ்தா வீட்டுக்கு ஒரு நீளம், ஒரு குட்டை. மிஸ்ஸிக்கு மூன்று குட்டை. மணி நான்கு இடத்திலும் கேட்கும். உன் மணி என்றால் எடு, இல்லையென்றால் சும்மா இரு. இன்றைக்குக் கணினிகள் செய்வதும் இதுதான். ஒரே கம்பியில் போவது எல்லாக் கணினிக்கும் கேட்கிறது, ஒவ்வொன்றும் தன் முகவரி இல்லாததைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. கணினிக்கு அந்த ஒழுக்கம் இருக்கிறது. காஜா பெராங்குக்கு இல்லை.

மணி எங்கே அடித்தாலும் நான்கு பேரும் எடுத்தார்கள். ஒட்டுக் கேட்கும் ஆசை கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அந்தச் சாலையின் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே போயிருந்தால், அவரைத் தேடி வந்தவரை நிறுத்திப் பதில் சொல்லி அனுப்புவது மற்றவர்கள் கடமை. வாசலுக்கு இருந்த அந்த வழக்கத்தை அப்படியே டெலிபோனுக்கும் வைத்துக்கொண்டார்கள். கம்பிக்கு இது தெரியாது. இருக்கிற கொஞ்ச மின்சாரத்தை நான்கு ரிசீவர் பங்கு போட்டால், குரல் கொசு பாடுவது போல ஆகிவிடும்.

போய்க் கேட்டேன்.

"பாய், மூணு குட்டை மணி மிஸ்ஸிக்கு. நீங்க ஏன் எடுக்கறீங்க?"

"நான் பேசல தம்பி. யாருன்னு சும்மா பாத்தேன்."

"பாக்கறதுக்கு அது என்ன ஜன்னலா?"

"ஜன்னல்னா சாத்தி வைப்பேன். இது அடிக்குதே."

குமாஸ்தாவின் மனைவி இன்னும் மோசம். தான் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் கேட்பதாகவும், அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றும் அவருடைய மலாயில் எனக்கே விளக்கினார். நான் கத்தினேன். அவர் ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்து வைத்தார். தின்றுகொண்டே கத்துவது கடினம்.

தவுக்கே ஒருநாள் போன் ரோசாக், கெட்டுப்போய்விட்டது என்று புகார் கொடுத்தார். கம்பம் ஏறினேன், கம்பியைச் சோதித்தேன், பெட்டியைத் திறந்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. கடைசியில் விசாரித்தால், மூவார் ஊரிலிருந்து பேசிய மீன் வியாபாரி வேறு சீனப் பேச்சு பேசியிருக்கிறார், தவுக்கேக்குப் புரியவில்லை. "கம்பி நல்லது, மணி நல்லது, குரல் வருது. அந்த ஆள் பேச்சு புரியலைன்னா நான் கம்பம் ஏறி ஒண்ணும் செய்ய முடியாது" என்று மலாயில் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப அந்த ஆள் ரோசாக்" என்றார்.

அடுக்கு என்பது இவ்வளவுதான். கம்பி ஒருவன் வேலை, மணி ஒருவன் வேலை, பேச்சு இன்னொருவன் வேலை. எது கெட்டது என்று தெரிந்தால்தான் எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியும். வகுப்பில் இதைச் சொன்னபோது பின் வரிசைகூடச் சிரித்தது.

இத்தனைக்கும் அந்த நாலாவது வீட்டுக்கு, மிஸ்ஸி வீட்டுக்கு, போன் கிடைக்க அலுவலகத்தில் மன்றாடியவனே நான்தான். அதில் என் சுயநலம் இருந்தது. நாங்கள் டவுனுக்கு வெளியே, புக்கிட் காதில் என்ற இடத்தில் இருந்தோம். அப்போது அங்கே வீடுகள் குறைவு, ரப்பர் மரம்தான் அதிகம். என் மூத்த மகள் வலி கண்ட அரைமணியில் பிறந்துவிட்டாள். மிஸ்ஸியைக் கூட்டிவர நான் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். பக்கத்து வீட்டு அக்கா எடுத்துவிட்டார். குழந்தை நீலமாகக் கிடந்து, பிறகு அழுதது. அதை என் மனைவி மறக்கவில்லை. இரண்டாவது உண்டானதும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். இந்தத் தடவை மிஸ்ஸி பக்கத்தில் இருக்க வேண்டும். நான் சரி என்றேன்.

ஒன்பதாம் மாதம், ஒரு காலை. வேலைக்குக் கிளம்பச் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சு. மிஸ்ஸிய வரச் சொல்லுங்க."

சைக்கிளைத் திருப்பினேன்.

"சைக்கிள்ல போனீங்க, நான் பெத்து வளத்து பள்ளிக்கூடம் அனுப்பின பிறகுதான் வருவீங்க. போன்காரர்னு பேருக்குத்தானா இருக்கீங்க?"

பக்கத்து வீட்டு அக்காவை அவளோடு விட்டுவிட்டு ஓடினேன். ரோட்டோரம் கம்பம் இருந்தது, தோட்ட அலுவலகத்துக்குப் போகும் கம்பி. ஏறினேன். பையில் எப்போதும் இருக்கும் சோதனைப் போனின் கிளிப்பை அதில் கடிக்கவிட்டேன். சொந்த வேலைக்கு அப்படிச் செய்வது தப்பு. அன்றைக்கு அதிகாரியே கம்பத்தடியில் நின்றிருந்தாலும் செய்திருப்பேன்.

ஆப்பரேட்டர் என் குரலைக் கண்டுகொண்டார். காஜா பெராங் கம்பி, மூன்று குட்டை என்றேன். மணி போனது. டிக், டிக், டிக் என்று மூன்று ரிசீவர் எடுக்கும் சத்தம். பிறகு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து மூன்று ஹலோ.

"மிஸ்ஸி மட்டும் பேசட்டும், மத்தவங்க வைங்க" என்று கத்தினேன்.

"மிஸ்ஸி எடுக்கல தம்பி." பாயின் குரல்.

"நீங்க வைங்க பாய், மறுபடி அடிக்கச் சொல்றேன்."

"நூறு தடவ அடிச்சாலும் அங்க எடுக்காது. அவுங்க இங்கல்ல நிக்கறாங்க. நெத்திலி பாத்துக்கிட்டிருக்காங்க."

முகவரி ஆளுக்கு இல்லை, சுவரில் தொங்கும் பெட்டிக்குத்தான். ஆள் நெத்திலி வாங்கப் போய்விட்டால் முகவரி என்ன செய்யும்? என் சட்டப்படி அவர்கள் நடந்திருந்தால், ஆளில்லாத வீட்டில் மூன்று குட்டை மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும், நான் கம்பத்தில் தொங்கிக்கொண்டே இருந்திருப்பேன்.

மிஸ்ஸி வாங்கிப் பேசினார். "என்னப்பா? ஒண்ணும் கேக்கல."

"வலி வந்திருச்சு மிஸ்ஸி."

"என்ன வந்திருச்சு?"

அவருக்குக் கேட்கவில்லை, தவுக்கேக்குக் கேட்டுவிட்டது. அவர் காப்பிக் கடையே அதிரும்படி, கடையின் ரொட்டி வேன் சாவியைக் கேட்டார். ரிசீவரை அப்படியே தொங்கவிட்டுவிட்டு ஓடினார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கம்பியில் கோப்பைகள் மோதும் சத்தமும், யாரோ ஒருவர் பால் இல்லாத காப்பி கேட்கும் குரலும் வர ஆரம்பித்தன. குமாஸ்தாவின் மனைவி "சபார்லா, பாங்" என்றார், பொறுத்துக்கொள் அண்ணா என்று. ஒரு டிக். தன்னுடையதை வைத்துவிட்டார். குரல் கொஞ்சம் ஏறியது. சிறிது நேரத்தில் காப்பிக் கடைச் சத்தத்துக்கு நடுவே அவர் மூச்சிரைப்பு கேட்டது. பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய்த் தவுக்கேயின் ரிசீவரையும் எடுத்துத் தாங்கியில் வைத்தார். இன்னொரு டிக்.

"தண்ணி ஒடஞ்சு எவ்வளவு நேரம்?" மிஸ்ஸி என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து கேட்பது போல இருந்தது.

"இப்பத்தான் மிஸ்ஸி. மொதப் பிள்ளைக்கு நடந்தது உங்களுக்கே தெரியும்."

"தெரியும், கத்தாத. சுடுதண்ணி வைக்கச் சொல்லு. நடக்க விடாத, படுக்க வை. அப்புறம் நீ வெளிய இரு, ஒன் மூஞ்சியப் பாத்தா அவளுக்குப் பயம் வரும்."

ரொட்டி வேன் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. மிஸ்ஸி ஒரு கையில் பெட்டியும் இன்னொரு கையில் நெத்திலிப் பொட்டலமுமாக இறங்கினார். பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். நான் அதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். தவுக்கே எனக்குச் சிகரெட் கொடுத்தார். எனக்குப் பழக்கமில்லை, இருந்தும் பிடித்தேன். அது முடிவதற்குள் உள்ளே அழுகை கேட்டது, கனத்த, கோபமான அழுகை. யார் பிள்ளை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

கொடி இந்தத் தடவையும் கழுத்தைச் சுற்றியிருந்ததாம். மிஸ்ஸி இரண்டு விரலால் கழற்றிவிட்டேன் என்றார், மாலை கழற்றுவது போலச் சாதாரணமாக. என் மனைவி என்னைப் பார்த்து, "போன்காரர்தான்" என்றாள்.

மறுபடி கம்பம் ஏறினேன்.

"எந்த மணி?" என்று கேட்டார் ஆப்பரேட்டர்.

"எல்லா மணியும் அடிங்க."

"ஒங்க சட்டத்துல அது இல்லையே."

"இன்னிக்கு இருக்கு."

மூன்று டிக். கடையில் பாய், குமாஸ்தா வீட்டில் அவர் மனைவி, காப்பிக் கடையில் தவுக்கேயின் மகள். அவர்கள் பின்னால் யார் யார் நின்றார்களோ. குரல் மறுபடியும் கொசுவாகிவிட்டது. ஒருவரையும் வைக்கச் சொல்லவில்லை.

"பொம்பளப் பிள்ளை, ரெண்டும் நல்லாருக்கு" என்று கத்தினேன்.

"கேக்கல தம்பி, என்ன பிள்ளை?"

மறுபடி கத்தினேன். மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. ரோட்டில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

"பொம்பளப் பிள்ளைங்கறாரு" என்று அவர் கீழேயிருந்து யாருக்கோ சொன்னார்.