தவமணி அக்காவும் விடியற்காலைப் பந்தியும்

சவூதி தம்மாமிலிருந்து என் பழைய மாணவன் கபீர் வெள்ளிக்கிழமைகளில்தான் கூப்பிடுவான். அன்று செவ்வாய்க்கிழமை. எடுத்தவுடன், "சார், ஒக்காந்திருக்கியளா?" என்று கேட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நம்ம தவமணி அக்கா தவறிட்டாங்க சார். ஹட்டன்ல. தூக்கத்துலயே போயிட்டாங்களாம்."

"கொடுத்து வச்சவங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகுதான் அழுகை வந்தது. பாளையங்கோட்டையில் என் வீட்டுக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. துபாயில் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்காக நான் இப்படி அழுவேன் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள். நானும்தான் நினைத்திருக்கவில்லை.

அக்காவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கை மலைநாட்டில் ஒரு பௌத்த சங்கத்தார் சிறிய தனியார் பல்கலைக்கழகம் ஒன்றை நடத்தி வந்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு அதன் கிளை ஒன்று துபாய் சத்வாவில், தையல்கடைகளுக்கு நடுவே ஒரு பழைய வில்லாவில் தொடங்கியது. பகலெல்லாம் டூட்டி பார்க்கிறவர்கள் மாலையில் வந்து பட்டம் படிக்கலாம். அந்தக் கிளையின் பதிவாளர் திருமதி தவமணி அவர்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, பிக்குவைச் சிங்களத்தில் 'ஹாமுதுரு' என்றுதான் சொல்வார், நெற்றியில் திருநீறு இல்லாமல் அலுவலகம் வரமாட்டார். நான் அங்கே கணக்கியல் விரிவுரையாளன். எல்லோரும் அக்கா என்றதால், வயதில் மூத்த நானும் அக்கா என்றே அழைத்தேன்.

அந்தச் சங்கத்தாரிடம் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. மற்ற இடங்களில் பிக்குமார் தனியே உண்பார்கள். இவர்களிடம் பிக்கு, ஆசிரியர், மாணவர், பெருக்குகிறவர் எல்லோருக்கும் ஒரே பந்தி. அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும். நான் சேர்ந்த அன்றைக்குச் சாப்பிட்ட தட்டை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

"சார், தட்டு?" என்றார் அக்கா.

"எங்க ஊர்ல நான் தட்டு கழுவுனதே கிடையாதும்மா."

"அப்ப இன்னைக்கு மொத பாடம் ஒங்களுக்குத்தான். வாங்க, சோப்பு இந்தா இருக்கு."

மாணவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் கழுவினேன். அக்கா பக்கத்திலேயே நின்று, "விளிம்புல பருப்பு ஒட்டியிருக்கு சார்" என்று வேறு சொன்னார்.

சேர்க்கைக்கு ஆள் பிடிக்கிற விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. லாண்டரி, மளிகைக்கடை, லேபர் கேம்ப் வாசல் எங்கே பார்த்தாலும், "என்னாப்பா, ப்ளஸ் டூ முடிச்சிட்டியா? பொறகு ஏன் சும்மா இருக்க?" என்பார். காயல்பட்டினத்துக் கபீர் அப்படி வந்தவன்தான். டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவனை வண்டியை நிறுத்தச் சொல்லிச் சேர்த்தார். கடைசி ஆண்டு வரை ஒருவரையும் நடுவில் நிற்கவிட்டதில்லை.

கபீர் கடைசி ஆண்டு படிக்கும்போது சங்கத்தாருக்குச் சந்தேகம் வந்தது. துபாய்க் கிளை காசுக்குப் பட்டம் விற்கும் வெறும் கடை ஆகிவிட்டதோ என்று. பெரிய பிக்கு ஒருவர் நேரில் வந்து, எல்லோரோடும் ஒரு பந்தி உட்கார்ந்து பார்ப்பார். ஒரே பந்தியில் உட்காராதவர்கள் நம்முடைய பிள்ளைகள் இல்லை, கிளையை மூடிவிடலாம் என்பது அவர்கள் முடிவு. பிக்குமார் மழைக்கால விரதம் முடியும் வரை பயணம் செய்யமாட்டார்கள். முடிந்த கையோடு வருவதாகத் தேதி சொன்னார்கள். அக்காவும் சந்தோஷமாக "வாங்க" என்று போனில் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து நான் காலண்டரைப் பார்த்தேன். நேராக நடு ரமலான்!

"அக்கா, ஒங்களுக்கு மூளை இருக்கா? பகல்ல பந்தி வச்சா பாதிப் பேருக்கு நோன்பு, மீதிப் பேருக்கு டூட்டி. சாயங்காலம் வைக்கலாம்னா பிக்குமார் மத்தியானத்துக்கு மேல பச்சத்தண்ணிதான். யாரும் யாரோடவும் உக்கார முடியாது. கலாஸ், முடிஞ்சு போச்சு!"

அக்கா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தேதியை மாற்றக் கேட்டுப் பார்த்தார். அடுத்து பிக்குமாருக்குக் காவித்துணி வழங்கும் 'கட்டின' விழா இருக்கிறது, முடியாது என்று பதில் வந்தது.

"இந்தப் புள்ளைங்க என் மொகத்த பாத்துத்தான் சேந்தாங்க சார். கடைசி வருசத்துல நிக்கிறான் கபீர். அவனுக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்றார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். கத்தியிருக்க வேண்டாமே என்று எனக்கே பட்டது.

மாலையில் கபீர் வகுப்புக்கு வந்தான். அக்கா திடீரென்று அவனைக் கூப்பிட்டார்.

"கபீரு, காலைல நீங்க எப்ப வரைக்கும் சாப்பிடலாம்?"

"ஃபஜ்ரு பாங்கு சொல்ற வரைக்கும் அக்கா. கெழக்கு வெளுக்க ஆரம்பிச்சிட்டா நிறுத்திரணும்."

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "ஹாமுதுருமாரு கெழக்கு வெளுத்தாத்தானே தொடங்குவாங்க! உள்ளங்கை ரேகை தெரியணும் அவங்களுக்கு. நீங்க நிறுத்துற எடத்துல அவங்க தொடங்குறாங்கப்பா! டூட்டிக்குப் போறவங்க எல்லாம் அந்நேரம் ரூம்லதானே இருப்பாங்க?" சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், தையல்கடைக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

அந்தத் தையல்கடைக்காரர்தான் துணி வெட்டும் நீள மேசையைக் கொடுத்து உதவினார். வகுப்பறை மேசைகளையும் சேர்த்துப் போட்டு முன்கூடத்தில் ஒரே வரிசை ஆக்கினோம். இடியப்பம், சொதி, பருப்பு, தேங்காய்ச் சம்பல், பேரீச்சை, வாழைப்பழம். அக்காவும் அவரோடு தங்கியிருந்த பெண்களும் தூங்கவே இல்லை.

பெரிய பிக்குவும் இளம் பிக்கு ஒருவரும் விடிவதற்கு முன்பே வந்து, வெறும் பாத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு அமர்ந்தார்கள். நோன்பு வைப்பவர்கள் முதலில் சாப்பிட்டார்கள். சாப்பிடாத பிக்குவின் எதிரே சாப்பிடக் கபீருக்குக் கூச்சம். "சாப்பிடு, சாப்பிடு, நேரம் போவுது" என்று அக்கா அவன் தட்டில் இடியப்பத்தைத் தள்ளினார். பாங்கு கேட்டது. கைகள் நின்றன. பையன்கள் பக்கத்து அறையில் தொழுதுவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். இளம் பிக்கு மாடிக்குப் போனார். தெருவிளக்கு வெளிச்சம் கணக்கில் சேராதாம், வானத்து வெளிச்சத்தில்தான் உள்ளங்கையைப் பார்க்க வேண்டுமாம். நாங்கள் எல்லோரும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவழியாக அவர் இறங்கி வந்து தலையசைத்தார். நோன்பிருக்கும் கபீர் எழுந்து, பெரிய பிக்குவின் பாத்திரத்தில் தன் கையால் பரிமாறினான். மற்றவர்களும் சாப்பிட்டோம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். வெளியே கம்பெனி வேன்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. பையன்கள் எழுந்தார்கள். பெரிய பிக்கு மட்டும் எழவில்லை. மேசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். பிறகு, பழகாத தமிழில், "பந்தி முடிய இல்ல" என்றார்.

தட்டுகளை எண்ணிப் பார்த்தேன். என்ன குறை?

"இந்த அம்மா உக்கார இல்லதானே?"

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். யார் எங்கே உட்கார வேண்டும், யாருக்கு எப்போது வைக்க வேண்டும் என்று அத்தனையும் யோசித்த அக்கா, தனக்கென்று ஒரு நாற்காலி போட மறந்திருந்தார். ஒரே பந்தி என்பதுதான் சோதனை. அதில் விடுபட்டவர் அவர் ஒருவரே.

"ஐயோ ஹாமுதுருவே, நான் பொறகு சாப்பிட்டுக்குவேன்" என்று அக்கா பதறினார். கையில் சொதிக் கரண்டி அப்படியே இருந்தது.

பெரிய பிக்கு எழுந்தார். தன் நாற்காலியை அக்காவுக்கு இழுத்துப் போட்டார். அக்காவின் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். ஒரு தட்டை எடுத்து, இடியப்பம் வைத்து, சொதியைத் தாமே ஊற்றினார். பிக்கு ஒருவர் தம் கையால் பரிமாறி அக்கா வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டார். "உக்காருங்க" என்றார் அவர். இளம் பிக்கு அவருக்கு வேறொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

கபீர் வாசலுக்கு ஓடினான். "பாய், தோ மினிட், ரெண்டே நிமிஷம்! எங்கக்கா சாப்புடுறாங்க!" என்று அவன் வேன்காரரிடம் கத்துவது உள்ளே கேட்டது. எழுந்திருந்த அத்தனை பேரும் திரும்ப உட்கார்ந்தார்கள். நோன்புக்காரர், வேலைக்காரர், இரண்டு பிக்குகள், நான், எல்லோரும் சும்மா உட்கார்ந்து ஒரு பெண் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா தலை குனிந்து அழுதுகொண்டே சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து, "சொதிக்கு உப்பு பத்தலயேப்பா, யாருமே சொல்லலயே!" என்றார். கூடமே சிரித்தது. பெரிய பிக்குவும் சிரித்தார்.

கடைசி வாயை அக்கா விழுங்கிய பிறகே அவர் சொன்னார்: "இப்ப பந்தி முடிஞ்சது. வகுப்பு நடக்கட்டும்."

அந்தப் பையன்கள் எல்லோரும் பட்டம் வாங்கினார்கள். ஒவ்வொருவரும் எங்கெங்கோ நன்றாக இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அக்கா இட்ட சாப்பாடுதான் நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது, அவர் உட்கார்ந்து சாப்பிட்டதும், அத்தனை பேர் அவருக்காகக் காத்திருந்ததும்தான். அக்கா, இனி எந்தப் பந்தியிலும் நீங்கள் நிற்க வேண்டாம். நிம்மதியாக உட்காருங்கள்.