நெத்திலியும் பிரெஞ்சு வெள்ளை ஒயினும்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். எங்கள் சரக்கைப் பார்க்க பிரான்சிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். நாலு நாளாக ஓட்டல் ஆம்லெட்டே தின்று நொந்துபோய், சனிக்கிழமை என்னிடம், "உன் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். என் மனைவி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. "மீன்" என்றேன். "நாளைக்கு நான் வரலாமா?" என்றார்.

ஞாயிறு மதியம் கையில் பாட்டிலோடு வந்தார். வெள்ளை ஒயின், பெயர் மஸ்காடே. லுவார் என்ற ஆறு கடலில் கலக்கும் பக்கம் அவர் ஊராம்; அங்கே விளைந்த திராட்சையாம். குளிர வைக்க வேண்டுமென்றார். எங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை. மாடிக்குப் போய் வீட்டுக்கார அம்மாவிடம் ஐஸ் கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, வெள்ளக்காரருக்கு மோருங்களா?"

"ஆமாங்க" என்று பொய் சொல்லி வாங்கிவந்தேன்.

மனைவி மீன் குழம்பும் சொதியும் வைத்திருந்தாள். அவர் குழம்புச் சோற்றில் ஒரு வாய் தின்றுவிட்டு ஒயினை உறிஞ்சினார். முகம் கோணியது. "குழம்பு பிரமாதம். ஆனால் இந்தப் புளிக்கும் இதற்கும் ஆகாது" என்றார். பிறகு எனக்கும் ஊற்றி, சொதியைக் காட்டினார். வெறுமனே குடித்தால் புளித்த தண்ணீர்தான். தேங்காய்ப்பால் சொதி ஒரு வாய் தின்றுவிட்டுக் குடித்தேன். நாக்கில் ஏதோ கதவு திறந்த மாதிரி இருந்தது. அதே தண்ணீரா இது என்று டம்ளரை உற்றுப் பார்த்தேன்.

மனைவி ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்றாள். "மோந்து மட்டும் பாக்கேன்" என்று என் டம்ளரை எடுத்தாள். கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள்.

"ஏங்க, கடக்கரைப் பாறை வாசம்லா அடிக்கி. அலை அடிச்சுட்டுப் போனதும் வருமே, அது."

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டார். "இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று" என்றார்.

அவளுக்கு அது காதில் விழவில்லை. "சொதி இதுக்கு இனிப்பாப் போவும். செத்த பொறுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். சாயங்காலத்துக்கென்று வைத்திருந்த நெத்திலியை மிளகாய்ப்பொடி போடாமல், உப்பும் மிளகும் மட்டும் பிரட்டி மொறுமொறுவென்று பொரித்துக் கொண்டுவந்து, மேலே எலுமிச்சையைப் பிழிந்தாள்.

அவர் ஒன்றைத் தின்று ஒயினைக் குடித்தார். இன்னொன்றைத் தின்றார். பிறகு எழுந்து நின்று அவளைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். நானும் தின்று குடித்துப் பார்த்தேன். கடலையே கண்டிராத ஊரில் உட்கார்ந்திருந்த எனக்கு உதட்டில் உப்புக்காற்று பட்டது. பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவளை அன்றுதான் புதிதாகப் பார்த்தேன். குடிக்காமலே இவளுக்கு எப்படித் தெரிந்தது?

திங்கட்கிழமை எண்ணெய்க் கறை இருக்கிறதென்று இரண்டு பெட்டிச் சரக்கை அவர் தயங்காமல் தள்ளிவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை.

"அவுக ஊர்ல நெத்திலி கெடைக்குமான்னு கேளுங்க" என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்டேன். அவர் ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு மீனை வரைந்து, செதில் செதிலாகப் போட்டு, "எங்கள் கடலிலும் உண்டு. மேடத்திடம் கொடு" என்று நீட்டினார்.