கழுத்தளவுத் தண்ணீர்

மாலத்தீவுக்குப் போக வேண்டும் என்று விஜிலா அக்கா சொன்னபோது எங்கள் வீட்டில் அதை யாரும் ஆசை என்று எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவுக்கு மாலத்தீவின் தலைநகரமான மாலி வேலைக்குப் போகிற ஊர். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயம், உருளைக்கிழங்கு, சிமெண்டு என்று ஏற்றிக்கொண்டு தோணி போகும். ஆண்கள் போவார்கள், வருவார்கள். வெங்காயம் போகிற ஊருக்கு ஒரு பெண் சுற்றுலா போவதா என்று சிரித்தார்கள்.

அக்கா எனக்கு ஓர்ப்படி. அவள் கணவர் செபாஸ்டின் அத்தான், என் வீட்டுக்காரருக்கு அண்ணன். தண்டல் வேலை, அதாவது தோணியை நடத்திப் போகிறவர். கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நாங்கள். கீழே பேசுவது மேலே கேட்கும். மேலே பேசுவது கீழே கேட்காது, ஏனென்றால் நான் அதிகம் பேசுவதில்லை.

அக்கா பிறந்தது கீழவைப்பார். கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தபோது இருபது வயது. அன்றிலிருந்து வருஷத்தில் முக்கால்வாசி நாள் அவள் தனி ஆள். மகள் ஆனி பிறந்தபோது அத்தான் மாலியில் இருந்தார். பிள்ளை குப்புற விழத் தொடங்கிய பிறகுதான் வந்து பார்த்தார். எங்கள் மாமனார் செத்தபோதும் அவர் மாலியில். பெட்டி வாங்கியது, குழிக்குச் சொன்னது, சாமியாரைக் கூட்டி வந்தது எல்லாம் அக்கா. தையல் மிஷின் வைத்திருக்கிறாள். எங்கள் பங்குக் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் அவள் தைத்த வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டுதான் பீடத்துக்குப் போவார்கள். ஒருமுறை ஒரு பெரிய வியாபாரி வீட்டம்மா, தன் மகள் கவுனுக்கு வைக்கிற கழுத்தை அந்த வருஷம் வேறு எந்தப் பிள்ளைக்கும் வைக்கக் கூடாது என்று சொன்னாள். அக்கா அளவு எடுத்துக்கொண்டிருந்த நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, "வேற ஆளப் பாருங்கம்மா" என்று சொல்லி வாசலைக் காட்டினாள். கோபக்காரி என்று அவளுக்குப் பெயர். எனக்கு அவள் கோபம் பிடிக்கும். எப்போது வரும் என்று தெரியும், எதற்கு வந்தது என்றும் தெரியும்.

அவள் என்னிடம் மட்டும் சொன்ன ஒரு விஷயம் உண்டு. பதினோரு வயதில் கீழவைப்பார் கரையில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடப் போய் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். பாவாடை ஒட்டிக்கொண்டு கரையேறியவளை அவள் சித்தப்பா எல்லோரும் பார்க்க அறைந்தார். பக்கத்திலேயே அவள் தம்பி அம்மணமாக முங்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் கடல் அவள் மேல் பட்டதில்லை. கடற்கரையில் பிறந்து, கடலோடியைக் கட்டி, கடலால் சோறு தின்றவள். எங்கள் பக்கம் பெண்களுக்கு அப்படித்தான். மீன் கழுவலாம், கால் நனைக்கலாம்.

கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் ஆனி ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு பெண் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறாள். குனிந்து பார்க்கிறாள், அவளுடைய கால்விரல்கள் தெரிகின்றன. அவ்வளவுதான் வீடியோ. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

வைகாசி தொடங்கினால் கடல் கொந்தளிப்பு. ஆவணி வரை தோணிகள் கட்டிக் கிடக்கும், அத்தான் வீட்டில் இருப்பார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் அக்கா சொன்னாள்.

"நாம மாலத்தீவு போவோம்."

"அங்கன என்ன இருக்கு?"

"கடலு."

"இங்கன கெடக்கது என்ன, கம்மாயா?"

"இதுல என்னைய எறங்க விடுவீங்களா?"

அத்தான் சிரித்தார். நல்ல மனநிலையில் இருந்தார். "சரிளா, போவோம். எனக்குத் தெரியாத மாலியா. கண்ணக் கட்டி விட்டாலும் கடைத்தெருவுக்குப் போயிட்டு வந்துருவேன்" என்றார்.

அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். தானே போய்ப் பாஸ்போர்ட் எடுத்தாள். தைத்துச் சேர்த்த சொந்தப் பணம் இருந்தது. பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்து முடிந்ததும், மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் போய் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். அங்கே அப்போது மழைக் காலம்தான், ஆனால் அதனால்தான் ஆள் குறைவு, அறை சுலபமாகக் கிடைக்கும் என்று டிராவல்ஸ் வைத்திருக்கும் பாலகணேஷ் சொல்லியிருந்தான். டிக்கெட் போடுகிற அன்று மூன்று பேரும் போனோம். அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள்.

பாலகணேஷ் பாஸ்போர்ட் கேட்டான். அக்கா கொடுத்தாள். அத்தான் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட தோணிப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். கடலோடிகளுக்குக் கொடுக்கிற அடையாளப் புத்தகம். இத்தனை வருஷமாக மாலித் துறைமுகத்தில் அவர் காட்டி வந்தது அதுதான்.

"இது தோணிக்கு, அண்ணாச்சி. பிளேன்ல ஏத்த மாட்டான். பாஸ்போர்ட் எங்க?"

"ஏலே, நான் மாலிக்குப் போக ஆரம்பிக்கும்போது நீ பொறக்கவே இல்ல."

"பொறக்கலதான் அண்ணாச்சி. ஆனாலும் பாஸ்போர்ட் வேணும்லா."

அங்கே புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சீக்கிரம் எடுத்துத் தருகிறேன் என்று பாலகணேஷ் மரியாதையாகத்தான் சொன்னான். அத்தான் புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்காமல் வெளியே போனார். பைக்கை எடுத்துக்கொண்டு அவர் போய்விட, நாங்கள் ஷேர் ஆட்டோவில் வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

"உனக்கு யாரு என்ன சொன்னா?"

"எதப் பத்தி?"

"இத்தன வருஷம் இல்லாம இப்ப எதுக்கு மாலி? எவன் உங்கிட்ட என்ன சொன்னான்?"

நான் மாடிப்படியில் நின்றுவிட்டேன். எங்கள் தெருவில் கடலோடியின் பெண்டாட்டி அவர் போகிற துறைமுகத்தைப் பற்றிக் கேட்க மாட்டாள். யாரும் சொல்லித் தந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். டின் மீனும் சோப்பும் பால்பவுடரும் கொண்டு வருவார், வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கே படுத்தாய், யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்று அர்த்தம். அந்த ஊரையே பார்க்க வேண்டும் என்று கேட்டால் சொல்லவே வேண்டாம். சின்னப் பையன் முன்னால் பட்ட அவமானத்தை அத்தான் இந்த வழியில் கொண்டுவந்து இறக்கினார்.

"நான் கடல்ல குளிக்கணும்னு சொன்னேன். நீங்களும் சரின்னீங்க."

"எவளாவது குளிக்கதுக்கு பிளேன்ல போவாளா?"

எதிர்வீட்டிலிருந்து ரோஸ் மைனி வந்துவிட்டாள். அத்தானுக்கு அக்கா, வாயும் காதும் பெரியது. "ஏளா விஜிலா, மாலியில இருந்து தாக்கல் எதும் வந்துச்சா? ஆரா இருந்தாலும் மறைக்காத. அவன் என் தம்பிதான், இருந்தாலும் நான் உன் பக்கம்தான்" என்றாள்.

"தாக்கலும் இல்ல, ஒண்ணும் இல்ல. குளிக்கப் போறேன் மைனி."

"சரி சரி. எங்கிட்ட சொல்ல வேண்டாம்னா விடு."

மறுநாள் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் பேச்சு நின்றது. நான் போனதும் குடத்தைப் பார்த்தார்கள். செபாஸ்டினுக்கு மாலியில் ஒருத்தி இருக்கிறாளாம், பிள்ளையும் இருக்கிறதாம், விஜிலாவுக்குப் படம் வந்திருக்கிறதாம். படத்தைப் பார்த்தவர்கள்கூட இருந்தார்கள். அக்கா யாரையும் திட்டவில்லை. மிஷினில் உட்கார்ந்து ஊசியை இரண்டு தடவை உடைத்தாள்.

அந்த வாரம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். தெருக்காரர்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடிச் செபம் சொல்வது. ஜெபமாலை முடிந்து ஆளாளுக்கு மன்றாட்டு சொல்லும் நேரம் வந்தது. ஒருவர் மழைக்காக வேண்டினார், ஒருவர் மகளின் வரனுக்காக. ரோஸ் மைனி கண்ணை மூடிக் கையைக் கூப்பினாள்.

"சந்தேகம் புகுந்த குடும்பங்களுக்காக, குறிப்பா நம்ம தெருவுல உள்ள ஒரு குடும்பத்துக்காக, அந்த மகளோட மனசுக்கு நீர் சமாதானம் தரணும்னு ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

எல்லோரும், "ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். என் வாயும் பழக்கத்தில் பாதி சொல்லிவிட்டது. அக்கா சொல்லவில்லை. கண்ணைத் திறந்து ரோஸ் மைனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடவுளிடம் சொல்வதுபோலத் தெருவிடம் சொன்னவளுக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? சொன்னால் செபத்தில் சண்டை போட்டவள் ஆவாள்.

செபம் முடிந்து சுண்டல் கொடுக்கும்போது அத்தான் எழுந்து நின்றார்.

"எல்லாரும் இருக்கீங்க. பொதுவுல சொல்லுதேன். இவ தாராளமா மாலிக்குப் போகட்டும். அங்கன நம்ம சரக்கு எடுக்குத கடைக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். அவரு கூட்டிட்டுப் போயி நான் படுத்த எடம், தின்ன எடம் எல்லாம் காட்டுவாரு. பாத்துட்டு வந்து உங்க முன்னாலயே சொல்லட்டும், நான் எப்பிடிப்பட்டவன்னு."

தெரு உருகிவிட்டது. "எந்த ஆம்பிளைக்கு இந்த மனசு வரும்" என்றாள் ரோஸ் மைனி. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா டம்ளர்களைப் பொறுக்கி உள்ளே எடுத்துப் போனாள். எனக்கு அந்தச் சுண்டலைத் தூக்கித் தெருவில் வீச வேண்டும்போல இருந்தது. கடலில் குளிக்க வேண்டும் என்ற பேச்சு எங்கே போனது? அவள் ஒன்றைக் கேட்டாள். இவர்கள் அதை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கையில் கொடுத்துவிட்டுத் தங்களுக்குள் கைதட்டிக்கொண்டார்கள்.

ஆட்கள் போன பிறகு அக்கா கேட்டாள். "எதுக்கு அப்பிடிச் சொன்னீரு?"

"போக விடுதேன்லா. பொறவு என்ன?"

"விடுதீரா?"

அத்தான் பாயை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார். கடைசிவரை அவர் பாஸ்போர்ட்டும் எடுக்கவில்லை.

காலையில் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பாலகணேஷிடம் போனாள். "மாலிய எடுத்துரு" என்றாள்.

"டூர எடுக்கணுமாக்கா?"

"மாலி ஊர எடு. ஏர்போர்ட்டுல எறங்கி நேரா வேற தீவுக்குப் போணும். தோணி போகாத தீவா பாரு."

"மாலில சிட்டி டூர் இருக்குக்கா, தனியாக் காசு கிடையாது."

"எடுத்துருன்னு சொன்னேன்லா."

அவன் தேடினான். விமான நிலையத்திலிருந்தே படகு ஏறிப் போகிற சின்னத் தீவு ஒன்று கிடைத்தது. நாசரேத்திலிருந்து ஜெயஷீலா டீச்சரும் அவர் தங்கையும் அதே தேதியில் போகிறார்கள், துணையாகப் போகலாம் என்றான். அத்தானிடம் இதை அக்கா சொல்லவில்லை. சொல்லாதே என்று என்னிடமும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை.

திருவனந்தபுரம் போக பஸ் ஏறினபோது அத்தான் ஜன்னலோரம் நின்று, "கடைக்காரரு ஏர்போர்ட்டுக்கே வந்துருவாரு. நல்ல மனுஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா, "அவர வர வேண்டாம்னு சொல்லிரும்" என்றாள். வெட்கப்படுகிறாள் என்று அத்தான் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அந்தக் கடைக்காரர் போன் செய்தார். உங்கள் வீட்டம்மா பெட்டியோடு வெளியே வந்தார்கள், நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கும்பிட்டுவிட்டு வேறு படகில் ஏறிப் போய்விட்டார்கள் என்றார். அத்தான் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. டீக்கடையில், "என்ன தண்டல், ரிசல்ட் வந்துட்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு டீக்கடைக்குப் போவதையும் விட்டார்.

அக்கா திரும்பி வந்தாள். முகம் கறுத்து, மூக்கில் தோல் உரிந்திருந்தது. பெட்டியை வைப்பதற்குள் ரோஸ் மைனியும் நாலைந்து பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

"சொல்லு விஜிலா. பாத்தியா?"

"மாலிக்கு நான் போகல மைனி."

"போகலயா? அப்ப எதுக்குளா போன?"

"குளிக்க."

யாரும் நம்பவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எதையோ பாத்திருக்கா. குடும்ப மானத்துக்காக மறைக்கா" என்று ரோஸ் மைனி வாசலில் செருப்பைத் தேடும்போதே சொன்னாள். அது உள்ளே கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். முன்பு மாலியில் ஒருத்தி இருக்கலாம் என்று பேசிய தெரு அன்று சாயங்காலத்திலிருந்து இருக்கிறாள் என்று பேசத் தொடங்கியது.

அத்தான் கதவைச் சாத்தினார். படியில் இருந்த என்னை அவர் கவனிக்கவில்லை.

"ஒரு எட்டு மாலிக்குப் போயிட்டு வந்திருந்தா என்ன கொறஞ்சிருப்ப? ஊருல என் பேரு நாறுது."

"நான் நாற வைக்கல."

"நான் நல்லவன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? உனக்கு என் மேல சந்தேகமா, இல்லியா?"

"இல்ல. எந்தக் காலத்துலயும் இல்ல. அது எனக்கு இங்கன இருந்தே தெரியும். எங்கிட்ட நீரு கேக்கவே இல்லியே."

அத்தான் ஜன்னலையும் சாத்தினார். பிறகு குரலை இறக்கி, "அத வெளிய வந்து சொல்லேன். அக்காட்ட சொல்லு. அன்பியத்துல சொல்லு" என்றார்.

"சொல்லுதேன். மொதல்ல நீரு சொல்லும். என் பொண்டாட்டி மாலத்தீவுக்குக் கடல்ல குளிக்கத்தான் போனா, கழுத்தளவு தண்ணியில நின்னு குளிச்சிட்டு வந்தான்னு. அதே சனத்துக்கு முன்னால எந்திச்சி நின்னு சொல்லும். பொறவு நான் சொல்லுதேன்."

"அத எப்பிடிளா சொல்ல? சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அக்கா ஈரம் காயாத சுடிதாரைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறி, தெருப் பக்கக் கொடியில், வாசலைத் தாண்டுகிற எல்லோர் கண்ணிலும் படும்படி காயப் போட்டாள்.

மாதா திருவிழா முடிந்துவிட்டது. அதற்குள் இரண்டு அன்பியக் கூட்டம் நடந்தது. இரண்டிலும் அத்தான் மன்றாட்டு நேரத்தில் தொண்டையைச் செருமினார், எழுந்திருக்கவில்லை. அக்கா அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆவணி வந்து, அத்தான் போகிற தோணிக்குச் சரக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.