கூட்டுக்குள் இருந்த விரல்

தவில் வாசிக்கிறவனுக்குக் கைதான் சொத்து, இவன் அதைக் கொண்டுபோய் ரம்பத்துக்கு முன்னால் நீட்டுகிறானே என்று சொந்தபந்தம் அத்தனை பேரும் என்னைத் திட்டியாயிற்று. நான் கேட்டால்தானே! மரவேலை எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்த பைத்தியம். தவில் அடிக்கிற கழியைக் காசு கொடுத்து வாங்க இன்றுவரை எனக்கு மனசு ஒப்பாது. பூவரசங்கட்டையை நானே அறுத்து, இழைத்து, எண்ணெய் தடவி வைத்துக்கொள்வேன். தென்காசியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, மேஜையோடு கூடிய ஒரு வட்ட ரம்பத்தை நான் இறக்கியபோது என் மனைவி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். பிறகு அவளும் அதில் ஒரு முக்காலி செய்து வாங்கிக்கொண்டாள், அது வேறு கதை.

கொட்டகைக்குள் நான் பொல்லாதவன். மோதிரம், கைச்சங்கிலி, தோள் துண்டு எதற்கும் அனுமதி கிடையாது. ரம்பம் ஓடும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. என் தவிலோடு நாதஸ்வரம் வாசிக்கிறவன் என் மச்சினன்தான். ஒருநாள் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே வந்தான். "எலே மாப்ள, அத வெளிய போட்டுட்டு வா. சுத்துத பல்லுல மாட்டுனா ஒன் கழுத்தையும் சேத்து இழுத்துரும்" என்று கத்தினேன். "அத்தான், இது மரப்பட்டறையா, ஏர்போர்ட்டா?" என்றான். சிரித்துவிட்டு, "போடா" என்று விரட்டினேன்.

ஊருக்கெல்லாம் இப்படி உபதேசம் பண்ணுகிற மகா புத்திசாலி என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

போன ஆனி மாதம். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. தென்காசியில் காலையிலிருந்தே சாரல், கூடவே காற்று. அன்று சாயங்காலம் இலஞ்சியில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்க வேண்டும். தவிலுக்கு இடது கையில் கழி, வலது கை விரல்களில் கூடு. துணியை வரிவரியாகச் சுற்றி, பசை தடவிக் காயவைத்தால் கூடு கல் மாதிரி ஆகிவிடும். இப்போது ரெடிமேடாகவும் கிடைக்கிறது, எனக்கு அது ஒத்துவராது. சாரல் நாளில் பசை லேசில் இறுகாது என்பதால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூட்டை மாட்டி, மேலே இன்னொரு சுற்றுத் துணியும் போட்டு இறுக்கிவிட்டேன்.

கூட்டை மாட்டிவிட்டால் சும்மா உட்கார வேண்டியதுதானே? கொட்டகையில் கழிக்கென்று எடுத்துவைத்த கட்டை கண்ணை உறுத்தியது. ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு வருவோம் என்று போனேன். பாதி அறுத்திருப்பேன், கரண்ட் போய்விட்டது. ரம்பம் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. கட்டையை வெளியே உருவினேன். பார்த்தால், ரம்பத்துக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு சிராய் சிக்கியிருக்கிறது.

கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். அடுத்தவன் செய்யாவிட்டால் வைகிற நான் அன்றைக்கு அணைக்கவில்லை. கரண்ட்தான் இல்லையே என்ற தைரியம். சிராயை உளியால் நெம்ப வேண்டும். உளி ரெண்டு எட்டுத் தள்ளிக் கிடந்தது. விரலில்தான் கல் மாதிரி கூடு இருக்கிறதே! ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு நெம்பினேன். தவில்காரனைத் தவிர வேறு எவனுக்கும் இந்தக் கிறுக்கு வராது.

"கரண்டு வந்துட்டூ!" அடுப்படியிலிருந்து மனைவியின் சந்தோஷக் குரல்.

ரம்பம் உறுமியது. படக்கென்று கையை ஏதோ தட்டிவிட்டது. நான் பின்னால் போய்ச் சுவரில் மோதினேன். எப்படிச் சுவிட்சை அணைத்தேன் என்பது இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் கூட்டின் நுனியைக் காணோம். சாய்வாக, சீவின மாதிரி போயிருந்தது. துணி அடுக்கடுக்காகத் தெரிந்தது, அதற்கு உள்ளே ஒரே இருட்டு.

வலி இல்லை, அதுதான் பயம். வெட்டுப்பட்டால் முதலில் வலிக்காது, ரத்தமும் உடனே எட்டிப் பார்க்காது என்று எத்தனை ஆசாரிமார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விரல் மரத்துக் கிடந்தது. உள்ளே முழுசாக இருக்கிறதா, பாதிதான் இருக்கிறதா? கழற்றினால் தெரிந்துவிடும். எனக்குக் கழற்ற மனசு வரவில்லை. தெரியாமல் இருக்கிறவரைக்கும் நான் தவில்காரன்.

சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தாள். கூட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"கழத்துங்க."

"மாட்டேன்ட்டி."

"என்ன, மாட்டேன்னு சொல்லுதீய? கைய நீட்டுங்க இங்கன."

வெந்நீர் கொண்டுவந்து அந்த ஒரு விரலை மட்டும் முக்கினாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துணியை ஒவ்வொரு சுற்றாக அவள் பிரிப்பது தெரிந்தது. தண்ணீர் சிவக்கிறதா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. சாமி, பாதி விரலாவது மிச்சம் வை என்று வேண்டிக்கொண்டேன், அவ்வளவு கீழே இறங்கிவிட்டேன்.

கடைசிச் சுற்றையும் உருவினாள். அப்புறம் அந்த விரல் நுனியை நகத்தால் நறுக்கென்று கிள்ளினாள். "ஆ!" என்று அலறினேன்.

"வலிக்கா?"

"வலிக்கிட்டி!"

"நல்லா வலிக்கட்டும்." சொல்லிவிட்டு என் கையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். திரும்பிப் பார்த்தேன். நகத்தில் ஓரமாக ஒரு கீற்றுப் போயிருந்தது. மற்றபடி விரல் முழுசாக, சுருங்கி, வெளுத்து, என்னுடையதாகவே இருந்தது. அப்பாடா! எனக்கும் அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, ரெண்டும் சேர்ந்து வந்தது.

கரண்ட் வந்தாலும் பொத்தானை அமுக்கினால்தான் ஓடுகிற மாதிரி சுவிட்ச் ஒன்று இருக்கிறது. மறுநாளே வாங்கி மாட்டினேன்.

விரல் தப்பிய அன்று சாயங்காலம் அதற்குப் புதுக் கூடு கட்ட நேரமில்லை. இலஞ்சியில் மச்சினன் என் கையைப் பார்த்துவிட்டு, "அத்தான், இந்த வெரலுக்குக் கூட்ட எங்க?" என்றான். "வாசில, பெறகு சொல்லுதேன்" என்றேன். கச்சேரி பக்கமே தலைகாட்டாத என் மனைவி அன்றைக்கு மண்டபத்தில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் விரல் தவில் தோலில் விழும்போதெல்லாம் சுள்ளென்றது. வலிக்கிறதா என்று கண்ணாலேயே கேட்டாள். வலிக்கிறது என்று தலையாட்டினேன். அவள் சிரித்தாள்.