வியாகுல மாதாவின் மடி

எங்கள் கோயிலில் வியாகுல மாதாவின் ஓவியம் ஒன்று இருக்கிறது. மாதா கறுப்பு, எங்கள் குருநகர் மீனவப் பெண்களைப்போலச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருக்கிறார். மடியில் இறந்து கிடக்கும் யேசு மட்டும் வெள்ளை வெளேரென்று, பொன்னிறத் தாடியோடு. போன மாதம் மாணவர்களைக் கூட்டிவந்த விரிவுரையாளர் ஒருவர், கிழக்கும் மேற்கும் இந்த ஓவியத்தில் கைகோக்கின்றன என்று உருகி உருகி விளக்கினார். பின்வரிசை வாங்கில் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மாதா என் பெரியம்மா.

எண்பத்தாறில் பெரியம்மாவின் ஒரே மகன், நான் அண்ணை என்று கூப்பிட்டவர், மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. கடற்படையின் சூட்டுத் துளைகளோடு வள்ளம் கரையொதுங்கியது. உடல் வரவேயில்லை.

அப்போதைய பங்குச் சுவாமி நன்றாகப் படம் வரைவார். இத்தாலிக்காரர் மாதாவை இத்தாலிக்காரியாகவும், ஒல்லாந்தர் ஒல்லாந்துக்காரியாகவும் வரைந்தார்கள். நாங்கள் மட்டும் ஏன் அவர்களுடைய சாயலைக் கும்பிட வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்பார். மாதாவாக வரைவதற்குப் பெரியம்மாவைக் கேட்டபோது, பெரியம்மா பதிலுக்கு ஒன்றுதான் கேட்டார்.

“யேசுவுக்கு என்ரை பிள்ளையின்ரை முகத்தை வையுங்கோ சுவாமி. உடம்பு கிடைச்சிருந்தா நான் அப்பிடித்தானே மடியிலை வைச்சிருந்திருப்பன்.”

அண்ணை நின்ற ஒரு கலியாணப் படத்தைப் பார்த்துச் சுவாமி வரைந்தார். சுவாமி வரையும் நாட்களில் பெரியம்மா, மகனின் உடம்புக்குப் பதிலாக மடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு அவர் முன்னால் இருப்பார். களைப்பாறச் சொன்னாலும் அதை இறக்கமாட்டார். தவக்காலத் தொடக்கத்தில் ஓவியத்தைக் கோயிலில் மாட்டினார்கள். பூசை முடிந்து சனம் கலைந்த பிறகும் பெரியம்மா அதன் முன்னால் இருந்து மகனைப் பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு பெரியம்மா ஒழுங்காகச் சாப்பிட்டது அப்போதுதான்.

அது பொறுக்கவில்லை. வெள்ளைக்காரர் யாருக்குமல்ல, எங்கள் தெருப் பெண்களுக்கு. அவர்களும் கடலில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள்தான்.

“ஏன் சுவாமி, எங்கடை பிள்ளையள் சாகேல்லையோ? உவளின்ரை பெடியனுக்கு முன்னாலை நாங்கள் முழங்காலிலை நிக்கோணுமோ?”

அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் இன்றுவரை என்னால் அவர்களை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை. எல்லோருடைய பிள்ளையையும் ஒரு மடியில் கிடத்த முடியாதே. சுவாமி யோசித்து யோசித்து, தன் பிரசங்கத்தைத் தானே விழுங்கிக்கொண்டு, அண்ணையின் முகத்தின்மேல் கலண்டர் யேசுவின் முகத்தை வரைந்து, உடம்பையும் வெள்ளையாக்கினார். கண்கள் மூடியிருந்தபடியால் நீல நிறம் மட்டும் தேவைப்படவில்லை. எந்தத் தாய்க்கும் பிள்ளையாக இல்லாத அந்த முகத்தில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பெரியம்மா வந்தார், பார்த்தார். அழுவார் என்று பயந்து நான் பக்கத்தில் போய் நின்றேன். அழவில்லை. நேரே சுவாமியிடம் போனார்.

“அப்ப என்னையும் அழிச்சுவிடுங்கோ சுவாமி. ஆரின்ரையோ பிள்ளையை நான் ஏன் மடியிலை வைச்சிருக்க?”

சுவாமி அவரை அழிக்கவில்லை.